படிக்கப் போன இடத்தில் மனசு தரிக்கவில்லை: வாசகர் கேள்வி-பதில்

வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களிடமிருந்தும் அவர்களை அனுப்பிவைத்த பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பெயர்களை விட்டுவிட்டோம். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: வந்து ஏழு வாரம் ஆகிறது. முதல் மூன்று வாரம் ஒரே குதூகலம். இப்போது காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. பாடம் கஷ்டமாக இல்லை, அறைத் தோழிகளும் நல்லவர்கள். பிறகு ஏன் இப்படி?
(முதுகலை முதலாமாண்டு மாணவி)

பதில்: காரணம் இருக்கிறது. சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடப்பதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பழகிய ஊரில் ஒரு நாளைக்கு நூறு காரியத்தை யோசிக்காமலே செய்துவிடுகிறோம். பேருந்தில் எந்த வாசலில் ஏறுவது, வரிசையில் எவ்வளவு இடைவெளி விட்டு நிற்பது, எதிரில் வருபவர் சிரித்தால் நின்று பேச வேண்டுமா, தலையாட்டிவிட்டு நடந்துவிடலாமா என்பதெல்லாம் தானாக நடக்கும். புது நாட்டில் இவை ஒவ்வொன்றுக்கும் மூளை விழித்திருந்து முடிவெடுக்கிறது. முதல் மூன்று வாரம் அது வேடிக்கை, அதன்பின் அது வேலை. ஒரு பாரமும் தூக்காமலே மாலை ஆறு மணிக்கு உடம்பு துவண்டுபோவது அதனால்தான். அந்த அசதி அழுகையாக வெளியே வருகிறது.

இது உங்களுக்கு மட்டும் வந்த பலவீனம் இல்லை. 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே வைத்து ஆய்வேடு எழுதினார். 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவர்தான். அதில் அவர் காட்டும் நோயாளிகளில் ஒருவர், பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த மாணவர். இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஏக்கத்துக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு ஏற்றம் என்று ஒரு வளைவு வரைபடத்தைப் பல்கலைக்கழக அறிமுக வகுப்புகளில் காட்டுவார்கள். அமெரிக்கா போய்வந்த நார்வே நாட்டினரை வைத்து ஸ்வெரே லீஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955-ல் எழுதியதிலிருந்து வந்தது அது. அதை அப்படியே நம்பி, 'இத்தனை மாதம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும்' என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிற்கால ஆய்வுகளில் பலருக்கு இந்த வரிசை பொருந்தவில்லை. சிலருக்குப் போய் இறங்கிய முதல் வாரமே படுமோசமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது, மூளை எடுக்கும் முடிவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. மூன்று ஆணி அடியுங்கள். முதல் ஆணி, எழும் நேரம். வார விடுமுறையிலும் அரை மணிக்கு மேல் தள்ளக் கூடாது. அடுத்தது ஓர் இடம். நூலகத்தில் ஒரே மேசை, வாரத்தில் மூன்று நாள், ஒரே நேரம். எந்த ஜன்னல் வழியாக வெயில் வரும், எந்த நாற்காலி ஆடும் என்பது தெரிந்துவிட்ட இடத்தில் உடம்பு தானாகத் தளரும். மூன்றாவது ஒரு முகம். காவலாளியோ நூலகப் பணியாளரோ பக்கத்து அறைக்காரரோ, தினமும் பார்க்கும் ஒருவருக்குப் பெயர் சொல்லி வணக்கம் வையுங்கள். இரண்டு வாரம் இந்த மூன்று மட்டும் போதும். திங்கட்கிழமை விடியலிலிருந்து ஓட்டம், தியானம், நாட்குறிப்பு, மொழி வகுப்பு என்று ஒரே மூச்சில் தொடங்கினால் வியாழக்கிழமை எல்லாம் நின்றுபோகும். கூடவே 'என்னால் இதுகூட முடியவில்லை' என்ற புதுக் குறை சேரும்.

கேள்வி: வீட்டோடு பேசினால்தான் நிம்மதி. தினமும் இரவு 11 மணிக்கு ஆரம்பித்தால் ஒன்றரை மணி வரை போகிறது. பேசி முடித்தபின் இன்னும் கலக்கமாகிவிடுகிறது. குறைத்தால் அம்மா வருத்தப்படுவார். எங்களுக்குள் பத்து மணி நேர வித்தியாசம்.
(இளங்கலை மாணவர்)

பதில்: பேச்சைக் குறைக்கும் முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். வீடு பத்து மணி நேரம் முன்னால் இருந்தால், உங்கள் இரவு 11 அவர்களுக்குக் காலை 9. அதையே உங்கள் காலை 7.30-க்கு வைத்தால் அங்கே மாலை 5.30. உங்களுக்கு வகுப்பு இருப்பதால் பேச்சு தானாக முடிவுக்கு வரும். 'வைக்கட்டுமா' என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பிரிவின் ஈரத்தோடு படுக்கைக்குப் போகும் நிலையும் இருக்காது. உறக்கத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மனசு எதில் ஊறுகிறதோ அதையேதான் இருட்டில் மென்றுகொண்டிருக்கும். இரவுப் பேச்சுக்குப் பிறகு கலக்கம் கூடுவது அதனால்தான்.

அளவு என்று கேட்டால், வாரம் இரண்டு நீண்ட அழைப்பு, மற்ற நாட்களில் இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு இது சரியாக வரும். குரல் பதிவில் ஒரு வசதி உண்டு. அம்மா அதைத் தோன்றும்போதெல்லாம் திரும்பக் கேட்டுக்கொள்வார். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாட்டில் இருந்தால், அந்த வாரத்துக்கு முன்பே வீட்டில் சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டால் ஒரு மணி நேரம் போன் வராமல் வீடே பதறும்.

இன்னொரு பழக்கத்தைக் கட்டாயம் மாற்ற வேண்டும். மதிப்பெண் வந்த சூட்டோடு, கைடு திட்டிய சூட்டோடு வீட்டுக்குப் போன் போடுவது. கொட்டித் தீர்த்ததும் உங்கள் சூடு ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். கேட்டவர்களுக்கு அன்றைய தூக்கம் போச்சு. மறுநாள் நீங்கள் மறந்தே போயிருப்பீர்கள். அவர்களோ நான்கு முறை அழைத்து 'இப்போ எப்படி இருக்கே' என்பார்கள். உங்களுக்கு எரிச்சல் வரும், எரிந்து விழுவீர்கள், பிறகு அதற்காக ஒரு குற்ற உணர்ச்சி. ஒரு மதிப்பெண்ணில் ஆரம்பித்தது மூன்று நாள் நிம்மதியைத் தின்றுவிடும். சூடாக இருக்கும்போது ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்தும் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். உடம்புக்கு முடியவில்லை, பாதுகாப்பில்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்றால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அந்த நிமிடமே பேச வேண்டும்.

வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டே இரு பக்கமும் அவரவர் வேலையைப் பார்ப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. வாரம் ஒருநாள் என்றால் சுகம்தான். தினமும் என்றால் நீங்கள் இருக்கும் அறை உங்கள் அறையாக மாறவே மாறாது.

கேள்வி: எல்லோரும் தியானம் செய் என்கிறார்கள். பத்து நிமிடம் கண்ணை மூடினால் பத்தாயிரம் யோசனை. முன்பைவிட மோசமாகிவிடுகிறது. எனக்குத் தியானம் வராதா?
(ஆய்வு மாணவர்)

பதில்: வரும். அளவுகோல்தான் தப்பு. யோசனை வராமல் இருப்பது தியானத்தின் வேலை இல்லை. யோசனையில் போய்விட்டோம் என்று கண்டுபிடித்துத் திரும்பி வருவதுதான் வேலை. பத்து நிமிடத்தில் முப்பது முறை ஓடி முப்பது முறை திரும்பினால் முப்பது முறை பயிற்சி ஆயிற்று. யோசனை 'அதிகமாவதும்' இல்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது இப்போது காதில் விழுகிறது. மின்விசிறியை நிறுத்தினால்தானே கடிகாரச் சத்தம் கேட்கிறது?

செய்முறை இது. நாற்காலியின் முன்பாதியில், முதுகு சாயாமல் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் படியட்டும். கை தொடைமேல். கண்ணை மூட வேண்டியதில்லை. ஒன்றரை மீட்டர் தள்ளித் தரையில் ஓரிடத்தில் பார்வையைத் தாழ்த்தி வையுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்துச் சரிசெய்யாமல் அது எப்படிப் போகிறதோ அப்படியே விட்டு, வெளியே போகும் ஒவ்வொரு மூச்சுக்கும் மனசுக்குள் ஓர் எண். ஒன்றிலிருந்து பத்து வரை, மறுபடி ஒன்று. நடுவில் தொலைந்துபோனால் திட்டிக்கொள்ளாமல் ஒன்றுக்கு வாருங்கள். முதல் வாரம் பலரும் நான்கைத் தாண்டுவதில்லை. திடீரென்று 'பதினேழு' என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். வாய்ப்பாடு தன்பாட்டுக்கு ஓட, மனசு வேறெங்கோ போய்விட்டது என்று அர்த்தம். சிரித்துவிட்டு ஒன்றுக்குத் திரும்புங்கள்.

காலையில் முகம் கழுவியதும், போனைத் திறப்பதற்கு முன் செய்யுங்கள். போன் அலாரம்தான் வேண்டும் என்றால் அதை ஃப்ளைட் மோடில் போட்டு, கைக்கு எட்டாத தூரத்தில் கவிழ்த்து வையுங்கள். இரண்டு வாரம் பத்து நிமிடம், பிறகு பதினைந்து. ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியில் வீட்டில் செய்யச் சொன்னது தினம் 45 நிமிடம், வாரம் ஆறு நாள். பத்து நிமிடத்தை நான்கு நாள் செய்துவிட்டு 'எனக்கு ஒத்துவரவில்லை' என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

தவறுவது எங்கே என்றால், முதலில் படுக்கையில் உட்காருவது. ஐந்தாம் நிமிடம் தலை சாயும். நாற்காலியில் உட்கார்ந்தும் தூக்கம் வந்தால் அது தியானக் கோளாறு இல்லை, தூக்கக் கடன். அன்றைக்குத் தூங்கிவிடுங்கள். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே மார்பு இறுகும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டுப் பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கலாம். இல்லையென்றால் நடைகூடத்தில் பதினைந்து அடி மெல்லப் போய்த் திரும்பி நடக்கலாம். அறையில் தனிமை கிடைக்காதவர்களுக்கும் இந்த நடைதான் வசதி, பார்ப்பவர்களுக்கு யாரோ நடக்கிறார் என்றுதான் தெரியும். பழைய கொடுமை ஏதாவது கண்முன் வந்து உடம்பு நடுங்கினால் பிடிவாதமாக உட்காராதீர்கள். நிறுத்திவிட்டு, அதை ஒரு மனநல ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

பிராணாயாமம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 16 மாத்திரை (கண் இமைக்கும் நேரம்போன்ற ஒரு கால அளவு) இழுத்து, 64 அடக்கி, 32-ல் விடுவது என்று பழைய யோக நூல்களில் கணக்கு உண்டு. ஆசான் பக்கத்தில் இல்லாமல், பதற்றத்தோடு இருக்கும்போது மூச்சை அடக்கிப் பழகுவது வேண்டாம். தலைச்சுற்றலும் படபடப்பும்தான் மிஞ்சும். தேர்வு அறைக்கு வெளியே நிற்கும்போது நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடத்தில் கை நடுக்கம் குறைவது தெரியும்.

கேள்வி: தியானச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்னதற்கு ஒரு நாற்காலி போதும். குரல் வழிகாட்டல் இல்லாமல் முடியாது என்றால் உங்கள் பல்கலைக்கழகம் ஏதாவது செயலியை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறதா என்று மாணவர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பல இடங்களில் தருகிறார்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. பகலெல்லாம் தூக்கம், இரவு மூன்று மணி வரை விழிப்பு. படுக்கையில் புரண்டால் எதிர்காலக் கவலை ஒவ்வொன்றாக வருகிறது.
(பொறியியல் மாணவி)

பதில்: இதில் மனசைவிட வெளிச்சத்தின் பங்கு பெரியது. உடம்பின் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்து வைப்பது காலை வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அறை விளக்கு பெரும்பாலும் 500 லக்ஸைத் தாண்டாது. மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே முதல் மருந்து, எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் வெளியே அரை மணி நடை. விடியவே எட்டரை ஆகும் நாட்டில் அது நடக்காது என்றால் ஒளிச் சிகிச்சை விளக்கு. பருவகால மனச்சோர்வையும் அதற்கு ஒளிச் சிகிச்சையையும் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் குழுவினர் 1984-ல் விவரித்ததிலிருந்து இது புழக்கத்தில் இருக்கிறது. 10,000 லக்ஸ், காலையில் 20 முதல் 30 நிமிடம். விளக்கை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

வாங்கியவர்கள் ஏமாறுவது தூரத்தில்தான். அந்த 10,000 லக்ஸ் எத்தனை சென்டிமீட்டரில் கிடைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதை மேசையின் மறுகோடியில் வைத்தால் சாதாரண விளக்குதான். புற ஊதாக் கதிரை வடிகட்டும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். மாலையில் போட்டால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். பலன் தெரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். இருமுனை மனநோய் (சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வருவது) இருப்பவர்களும் விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முதல் வகையினருக்கு வெளிச்சமே மனசை மறுகோடிக்குத் தூக்கிவிடக்கூடும்.

அடுத்து காபி. அதிலுள்ள காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம். மாலை 4 மணிக் காபியில் பாதி இரவு 9-க்கும், கால்வாசி விடிகாலை 2-க்கும் உள்ளேயே இருக்கும். நண்பகலோடு நிறுத்துங்கள்.

படுக்கைக்கு ஒரு சட்டம் உண்டு. ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் வகுத்தது, இன்றும் தூக்கச் சிகிச்சையில் முன்னணியில் இருக்கிறது. சுமார் இருபது நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிட வேண்டும். நாற்காலியில் மங்கிய வெளிச்சத்தில் சலிப்பூட்டும் எதையாவது படித்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பலாம். எத்தனை முறை எழுந்தாலும் சரி, காலை அலாரம் அதே நேரம். பகல் தூக்கம் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் கணக்கிட வேண்டாம், அந்தக் கணக்கே தூக்கத்தைக் கெடுக்கும். ஒற்றை அறையில் கட்டில்தான் மேசை, கட்டில்தான் சோபா என்று வாழ்பவர்களுக்குக் கட்டிலைப் பார்த்தாலே அசைன்மென்ட் ஞாபகம் வரும். பகலில் கட்டில்மேல் ஒரு விரிப்பைப் போட்டு மூடிவிடுங்கள். விரிப்பு இருக்கும்வரை அதில் படிப்பதோ போன் பார்ப்பதோ இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்காலக் கவலைக்கு மாலை 6 மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் கை வைக்கக்கூடிய கவலை, மறுபக்கம் கை வைக்க முடியாதது. முதல் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்த ஒரு செயலும் தேதியும். 'வேலை கிடைக்குமா' என்று எழுதினால் பயனில்லை. 'வியாழன் 3 மணி, வேலைவாய்ப்பு மையத்தில் சுயவிவரத்தைக் காட்ட வேண்டும்' என்று எழுத வேண்டும். இரவு அதே கவலை எட்டிப் பார்த்தால், 'உனக்கு நாளை ஆறு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறேன்' என்று அனுப்பிவிடலாம். முதல் சில நாள் கேட்காது. ஒரு வாரத்தில் கேட்கத் தொடங்கும்.

கேள்வி: வகுப்பில் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தெரியாமல் என்னைச் சேர்த்துவிட்டார்களோ என்று பயம். கல்விக் கடன் வேறு தலைக்கு மேல் தொங்குகிறது.

பதில்: முதல் பயத்துக்குப் பெயரே உண்டு. 1978-ல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 'இம்போஸ்டர்' உணர்வு என்று எழுதினார்கள், அதாவது தன்னைத் தானே போலி என்று நினைப்பது. அவர்கள் பார்த்தது நன்றாகச் சாதித்த பெண்களை. வகுப்பில் மற்றவர்கள் பேசுவதைத்தான் கேட்கிறீர்கள், அவர்கள் தடுமாறிப் படிப்பதைப் பார்ப்பதில்லை. வேற்று மொழியில் வேகமாகப் பேசுபவர் எல்லாம் அறிவாளியாகத் தெரிவதும் இயல்பு. பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்துக்கு, எழுதிய ஒற்றைக் கேள்வியோடு போங்கள். 'புரியவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் அவராலும் உதவ முடியாது. 'மூன்றாம் பக்கத்தில் இந்தப் படிக்கு அடுத்தது எப்படி வந்தது' என்று கேட்டால் பத்து நிமிடத்தில் முடியும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவர் வாயால் கேட்பது, நூறு முறை உங்களுக்கு நீங்களே தைரியம் சொல்லிக்கொள்வதைவிட மேல்.

கடன் விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறோம். பணக் கவலை தியானத்தால் தீராது. ஒரு தாளில் மொத்தத் தொகை, வட்டி விகிதம், படிப்புக் காலத்திலும் வட்டி ஏறுகிறதா, தவணை தொடங்கும் தேதி, மாதத் தவணை என்ற ஐந்தையும் எழுதுங்கள். பலர் மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை. பிறகு வீட்டிலுள்ளவர்களோடு அதை ஒருமுறை பேசிவிட்டு மடித்து வையுங்கள். மாதம் ஒருநாள் மட்டும் எடுங்கள். எவ்வளவு என்று தெரியாத தொகை தெரிந்த தொகையைவிட எப்போதும் பெரிதாகத்தான் தோன்றும்.

கேள்வி: நம் மொழிக்காரர்களோடே இருந்தால் வளர மாட்டாய் என்கிறார்கள். மற்றவர்களோடு ஒட்டவும் முடியவில்லை. வார இறுதி முழுக்க அறைக்குள்தான்.

பதில்: இரண்டும் வேண்டும். தாய்மொழியில் பேசும் இரண்டு மணி நேரம் மூளைக்கு ஓய்வு, அதை எதற்குக் குற்றமாக நினைக்க வேண்டும்? மற்றவர்களோடு ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் மணிக்கணக்கு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகம் சாதாரண நட்பாக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். அறிமுக விழாவில் பேசிய அரை மணி நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே ஒருமுறை நடக்கும் விருந்துகளைவிட, வாரந்தோறும் அதே ஆட்கள் அதே இடத்தில் கூடும் ஒன்றில் சேருங்கள். பாடகர் குழு, மலையேற்றக் குழு, பூப்பந்து, தன்னார்வப் பணி, எதுவானாலும் சரி. கைக்கு வேலை இருக்கும் இடமாக இருந்தால் பேச்சு தட்டினாலும் சங்கடம் இல்லை. நான்கு வாரமாவது போய்ப் பார்க்காமல் 'செட் ஆகவில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகன் எப்போது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்கிறான். குரலில் உயிர் இல்லை. எப்படிக் கேட்பது?
(ஒரு தாய்)

பதில்: 'சாப்பிட்டியா', 'நல்லா இருக்கியா' இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும், உண்மை எதுவானாலும். கேள்வியை மாற்றுங்கள் அம்மா. 'இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்தே?' 'நேத்து யார்கிட்டல்லாம் பேசினே?' 'கடைசியா எப்போ வாய்விட்டுச் சிரிச்சே?' பதில்களைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் சோர்வு, பிடித்ததில்கூட ஆர்வமின்மை, தூக்கமும் பசியும் தலைகீழ், வகுப்புக்குப் போகாமை, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு இருந்தால் அது ஊர் ஏக்கம் இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 'சாகணும்னு தோணுதா' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை, பெரும்பாலும் பாரம்தான் இறங்கும். 'ஆமாம்' என்றால் போனை வைக்காதீர்கள். அறைத்தோழர் ஒருவரின் எண்ணும், விடுதிப் பொறுப்பாளர் எண்ணும், பல்கலைக்கழகப் பாதுகாப்பு அலுவலக எண்ணும் இதற்காகத்தான் இன்றைக்கே உங்கள் கையில் இருக்க வேண்டும். 24 மணி நேர உதவி எண்கள்: அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர உதவிக்கு 112. இவற்றை அந்த நாட்டிலிருந்துதான் அழைக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கவுன்சலிங் போனால் விசா கோப்பில் ஏறுமா? போய் என்ன பேசுவது?

பதில்: ஆலோசனைக்குப் போனதற்காக விசா ரத்தாவதில்லை. பல்கலைக்கழக ஆலோசகர் பேசியதை உங்கள் துறைக்கோ பெற்றோருக்கோ உங்கள் அனுமதியின்றிச் சொல்வதில்லை. உயிருக்கு ஆபத்து, சட்டம் கட்டாயப்படுத்தும் சில நிலைமைகள் மட்டும் விதிவிலக்கு. அவை என்னவென்று முதல் நாளே விளக்குவார்கள், விளக்காவிட்டால் கேளுங்கள். விசாவைப் பாதிப்பது வேறு: சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பது, பாடத்தைத் தன்னிச்சையாகக் கைவிடுவது. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் உடல்நலத்துக்காகப் பாடச்சுமையைக் குறைக்கலாம். மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற உளவியலாளரின் கடிதத்தோடு, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஒரு பட்டப்படிப்பில் மொத்தம் 12 மாதம் வரை. பாடத்தைக் கைவிட்ட பிறகு போய் நின்றால் அவர்களாலும் காப்பாற்ற முடியாது. வேறு நாடுகளில் விதி வேறு, வரிசை இதுதான்: முதலில் அலுவலகம், பிறகு பாடம்.

முதல் சந்திப்பில் பெரும்பகுதி படிவமும் கேள்விகளும். தீர்வு எதுவும் சொல்லவில்லையே என்று இரண்டாம் முறை போகாதவர்கள் நிறைய. ஒரு சந்திப்பு பொதுவாக 45 அல்லது 50 நிமிடம். பல இடங்களில் இலவசச் சந்திப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, அதை ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வு நெருங்கும்போது காத்திருப்பு வரிசை நீளும். எனவே செமஸ்டரின் தொடக்கத்திலேயே பதிவு செய்வது புத்திசாலித்தனம். என்ன பேசுவது என்று திணறினால் மூன்று வரி எழுதிக்கொண்டு போய்ப் படியுங்கள்: எப்போதிலிருந்து, ஒரு நாள் எப்படிக் கழிகிறது, எது நடந்தால் சரியானது என்று நினைப்பீர்கள். ஆங்கிலத்தில் அழ வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். தாய்மொழி தெரிந்த ஆலோசகர் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் சொல் வராத இடத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு விளக்குங்கள். ஆலோசகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: விடுமுறையில் பத்து நாள் வீட்டுக்குப் போய்வந்தால் சரியாகிவிடுமா?

பதில்: போகலாம். எட்டாவது வாரத்தின் அழுகையில் டிக்கெட் எடுக்காமல், திரும்பும் தேதியோடு முன்கூட்டியே திட்டமிட்ட பயணமாக இருக்கட்டும். நாள்காட்டியில் குறித்து வைத்த தேதி ஒன்று இருந்தாலே நடுவிலுள்ள வாரங்கள் லேசாகும். திரும்பி வந்த முதல் மூன்று நாள் மறுபடி கனக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வெறும் அறைக்கும் காலியான ஞாயிற்றுக்கிழமைக்கும் வந்து இறங்காதீர்கள். வகுப்பு தொடங்க இரண்டு நாள் முன்னால் வாருங்கள். கிளம்பும் முன்பே படுக்கையைச் சுத்தமாக விரித்துவிட்டுப் போங்கள். வந்த மறுநாள் மாலை யாராவது ஒருவரைச் சந்திப்பதாகச் சொல்லிவையுங்கள். அன்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாலும் அடுத்த காலை அலாரம் பழைய நேரத்துக்கே.